ரூபியில் ஒரே ஒரு டெஸ்டை மட்டும் ஓட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் ரூபி என்ற நிரல் மொழியில் எழுத வரும் தமிழர்களில் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் உண்டு, இங்கேயே பிறந்து வீட்டில் கிரியோல் பேசி வகுப்பில் தமிழ் படித்தவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் முதல் மாதத்தில் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே போட்டிருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு சின்ன நிரல் எடுத்துக்கொள்வோம். ரோஸ் ஹில்லில் ஒரு மளிகைக் கடை. பில் தொகையோடு மொரீஷியஸின் 15% வாட் வரியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நிரல் 'லிப்' ஃபோல்டரில் இருக்கிறது. அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்களான டெஸ்டுகள் 'டெஸ்ட்' ஃபோல்டரில், வாட்_டெஸ்ட்.ஆர்பி என்ற கோப்பில் இருக்கின்றன.

கமாண்டுகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

எல்லா டெஸ்டையும் ஓட்டினால் என்ன? ஒன்றை மட்டும் ஏன் ஓட்ட வேண்டும்?

முழுத் தொகுப்பும் மூன்று வினாடியில் முடிகிறதென்றால் ஓட்டுங்கள், இந்தப் பக்கமே உங்களுக்குத் தேவையில்லை. பத்து நிமிடம் ஆகிறதென்றால், ஒரு வரியைத் திருத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. கைப்பேசியை எடுப்போம், திரும்பி வரும்போது எதைத் திருத்தினோம் என்பதே மறந்திருக்கும்.

சரி, மிக எளிய வழி எது?

கோப்பை நேரடியாக ரூபியிடம் கொடுப்பதுதான்.

ரூபி டெஸ்ட்/வாட்_டெஸ்ட்.ஆர்பி

இது அந்தக் கோப்பில் உள்ள எல்லா டெஸ்டையும் ஓட்டும். ஒன்று மட்டும் போதுமென்றால் கடைசியில் -என் போட்டு, டெஸ்ட் மெத்தடின் பெயரைக் கொடுங்கள்.

ரூபி டெஸ்ட்/வாட்_டெஸ்ட்.ஆர்பி -என் டெஸ்ட்_நூறு_ரூபாய்

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: -என் கோப்பின் பெயருக்குப் பிறகுதான் வர வேண்டும். கோப்புக்கு முன்னால் வைத்தால் ரூபி மொழிபெயர்ப்பி அதைத் தன்னுடைய சுவிட்சாக எடுத்துக்கொள்ளும். ரூபியின் சொந்த -என் என்பது உள்ளீட்டை வரிவரியாகப் படிக்கும் சுழற்சி. அடுத்து வரும் டெஸ்ட் பெயரையே நிரல் கோப்பு என்று நினைத்து, அப்படி ஒரு கோப்பு இல்லையே என்று பிழை காட்டி நின்றுவிடும். அப்படி வந்தால் வரிசையை மாற்றுங்கள்.

ஓடியது. திரையில் வருவதை எப்படிப் படிப்பது?

மினிடெஸ்ட் (ரூபியில் டெஸ்ட் எழுதி ஓட்டும் நூலகம்) என்றால் முதலில் எந்த ஆப்ஷன்களோடு ஓடுகிறது என்று ஒரு வரி வரும், அதில் சீட் என்ற எண்ணும் (டெஸ்டுகள் குலுக்கப்பட்ட வரிசையைக் குறிப்பது) இருக்கும். பிறகு ஒரு டெஸ்டுக்கு ஓர் எழுத்து: பாஸ் ஆனால் புள்ளி, எதிர்பார்த்த மதிப்பு வராவிட்டால் எஃப், இடையில் எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை) வெடித்தால் ஈ, தாண்டிவிட்டால் எஸ்.

நம் கடை நிரலையே பார்ப்போம். தொகையை 1.15-ஆல் பெருக்கினால் போதும் என்று எழுதிவிட்டு, 100 ரூபாய்க்கு 115 வருகிறதா என்று டெஸ்ட் வைக்கிறோம். ஓட்டினால் எஃப் விழுகிறது. கீழே, எதிர்பார்த்தது 115, கிடைத்தது 114.99999999999999 என்று வருகிறது. டெஸ்டில் தவறில்லை. 1.15 என்ற எண்ணை இரும எண் முறையில் மிச்சமில்லாமல் எழுத முடியாது. கணினி வைத்திருப்பது 1.15-ஐவிட ஒரு மயிரிழை குறைவான எண். நூறால் பெருக்கியதும் அந்தக் குறைவு வெளியே தெரிகிறது. பணத்தை ஃப்ளோட்டில் (இப்படித் தோராயமாக வைக்கும் எண் வகை) வைக்காதீர்கள். சென்ட்டில் முழு எண்ணாக வையுங்கள் (100 ரூபாய் என்றால் 10000 சென்ட், அதற்கு வரி 1500), அல்லது தசமத்தைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் பயன்படுத்துங்கள். சிறு வித்தியாசத்தை அனுமதிக்கும் அசர்ட்_இன்_டெல்டா போட்டுச் சமாளிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அறிவியல் கணக்குக்கு அது சரி, கடை பில்லுக்கு வேண்டாம்.

பிழையே இல்லை என்று வந்தது. ஆனால் நிரல் தப்பாகத்தான் வேலை செய்கிறது. எப்படி?

கடைசி வரியை முழுதாகப் படியுங்கள். 'ரன்ஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன எண் இருக்கிறது? பூஜ்ஜியம் என்றால் எதுவுமே ஓடவில்லை. ஓடாத டெஸ்டில் தோல்வி எங்கிருந்து வரும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். -என் என்பது பெயரின் ஒரு பகுதியைத் தேடுவதில்லை. முழுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். முன்னால் வரும் 'டெஸ்ட்_' என்பதை விட்டாலும், ஓர் அடிக்கோடு குறைந்தாலும் பொருந்தாது. மினிடெஸ்ட் 5 வரிசையின் பெரும்பாலான பதிப்புகள் இதைப் பிழையாகவே கருதுவதில்லை. பூஜ்ஜியம் ரன், பூஜ்ஜியம் தோல்வி, எல்லாம் சுபம் என்று வெளியே வந்துவிடும். வண்ணம் காட்டும் ரிப்போர்ட்டர் போட்டிருந்தால் பச்சையாகவும் தெரியலாம்.

அதனால் ஒற்றை டெஸ்டை ஓட்டும்போது கண் முதலில் போக வேண்டியது ரன்ஸ் எண்ணுக்கு. அது 1 என்று இருந்தால் மட்டுமே மற்ற எண்களுக்கு அர்த்தம். சந்தேகமாக இருந்தால் -வி சேருங்கள், ஓடிய டெஸ்டின் பெயரையும் பிடித்த நேரத்தையும் எழுதிக் காட்டும்.

முழுப் பெயரையும் அடிக்கச் சோம்பலாக இருக்கிறது. பாதிப் பெயர் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். சாய்கோடுகளுக்கு நடுவில் எழுதினால் அது ரெகுலர் எக்ஸ்ப்ரஷன், அதாவது தேடும் வடிவம், ஆகிவிடும்.

ரூபி டெஸ்ட்/வாட்_டெஸ்ட்.ஆர்பி -என் '/ரூபாய்/'

பெயரில் 'ரூபாய்' வரும் எல்லா டெஸ்டும் ஓடும். சுற்றி ஒற்றை மேற்கோள் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். செங்குத்துக் கோடு, அடைப்புக்குறி, நட்சத்திரம் போன்றவற்றை ஷெல் (டெர்மினலில் கமாண்டைப் படிக்கும் நிரல்) இடைமறித்துத் தன் பாணியில் புரிந்துகொள்ளும். விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒற்றை மேற்கோளுக்கு மரியாதை கிடையாது, அங்கே இரட்டை மேற்கோள் போடுங்கள்.

ஒரே பெயர் இரண்டு கிளாஸில் இருக்கிறதென்றால், மினிடெஸ்டில் கிளாஸ் பெயர், #, மெத்தட் பெயர் என்று சேர்த்துக் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஓட்ட -ஈ இருக்கிறது.

'டெஸ்ட்_ஹெல்ப்பர் என்ற கோப்பை ஏற்ற முடியவில்லை' என்று லோட்எரர் வருகிறது.

டெஸ்ட் கோப்பின் முதல் வரியில் டெஸ்ட்_ஹெல்ப்பரை ரிக்வயர் செய்திருப்பீர்கள், அதாவது ஏற்றச் சொல்லியிருப்பீர்கள். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ரூபிக்குத் தெரியாது. முன்பெல்லாம் நடப்பு ஃபோல்டரும் தேடும் பட்டியலில் இருந்தது. 2010-இல் வந்த ரூபி 1.9.2 அதைப் பாதுகாப்புக் காரணத்துக்காக எடுத்துவிட்டது. எனவே நாம்தான் சொல்ல வேண்டும்:

ரூபி -ஐலிப் -ஐடெஸ்ட் டெஸ்ட்/வாட்_டெஸ்ட்.ஆர்பி -என் டெஸ்ட்_நூறு_ரூபாய்

இந்த ஐ மட்டும் பெரிய எழுத்து. அதற்கும் ஃபோல்டர் பெயருக்கும் நடுவில் இடைவெளி வேண்டாம். இந்த சுவிட்சுகள் ரூபிக்கானவை என்பதால் கோப்புக்கு முன்னால் வருகின்றன.

கோப்பிலேயே ரிக்வயர்_ரிலேட்டிவ் (அந்தக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தேடுவது) எழுதிவிட்டால் இதெல்லாம் வேண்டாம் என்பார்கள். உண்மைதான், சின்ன ப்ராஜெக்டுக்கு எனக்கும் அதுதான் பிடிக்கும்.

ஜெம்ஃபைல் (தேவையான ஜெம்கள், அதாவது ரூபி நூலகங்களின் பட்டியல்) இருக்கும் ப்ராஜெக்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் 'பண்டில் எக்ஸெக்' சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மெஷினில் கிடக்கும் வேறொரு ஜெம் பதிப்பு ஏறிக்கொண்டு, இல்லாத பிழையைக் காட்டும்.

எதுவுமே வரவில்லை. ஒரு வரிகூட இல்லாமல் ப்ராம்ப்ட் திரும்பிவிட்டது.

'மினிடெஸ்ட்/ஆட்டோரன்' ரிக்வயர் செய்யவில்லை. ரூபி உங்கள் கிளாஸைப் படித்தது, மெத்தடுகளைத் தெரிந்துகொண்டது, வேறு வேலை இல்லாததால் கிளம்பிவிட்டது. ஆட்டோரன் என்பது நிரல் முடியும் தறுவாயில் 'எல்லா டெஸ்டையும் ஓட்டு' என்று ஒரு கொக்கியை மாட்டி வைக்கிறது. அது இருந்தால்தான் வெறும் ரூபி கமாண்டே போதுமானதாகிறது.

எங்கள் ப்ராஜெக்டில் இருப்பது மினிடெஸ்டா, டெஸ்ட்-யூனிட்டா?

கிளாஸ் எதிலிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். மினிடெஸ்ட்::டெஸ்ட் என்றால் மினிடெஸ்ட். டெஸ்ட்::யூனிட்::டெஸ்ட்கேஸ் என்றால் அநேகமாக டெஸ்ட்-யூனிட். ரூபி 1.9 வரிசையில் மினிடெஸ்ட் உள்ளே வந்து பழைய டெஸ்ட்-யூனிட்டின் இடத்தைப் பிடித்தது; 2014 டிசம்பரில் வந்த 2.2 முதல் இரண்டுமே ரூபியோடு கூடவே வரும் ஜெம்களாகிவிட்டன. -என் இரண்டிலும் உண்டு. டெஸ்ட்-யூனிட்டில் கிளாஸைத் தேர்ந்தெடுக்க -டி தனியாக இருக்கிறது. அது முடிவு வரியில் 'ரன்ஸ்' என்று சொல்லாமல் 'டெஸ்ட்ஸ்' என்று சொல்லும், பார்க்க வேண்டிய எண் அதே.

ரேக் (ரூபியில் வேலைகளை ஓட்டும் கருவி) மூலம்தான் ஓட்ட வேண்டும் என்கிறார்கள்.

அப்போது கோப்பையும் பெயரையும் மாறிகளாகக் கொடுக்க வேண்டும். சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பவை பெரிய எழுத்தில்:

ரேக் டெஸ்ட் டெஸ்ட்=டெஸ்ட்/வாட்_டெஸ்ட்.ஆர்பி டெஸ்ட்ஆப்ட்ஸ்='--நேம்=டெஸ்ட்_நூறு_ரூபாய்'

பழக்கதோஷத்தில் 'ரேக் டெஸ்ட் -என் …' என்று அடித்துவிடாதீர்கள். ரேக்குக்கு -என் என்றால் 'எதையும் செய்யாதே, என்ன செய்வாய் என்று மட்டும் சொல்' என்று பொருள். அடுத்து வரும் பெயரை இன்னொரு டாஸ்க் என்று நினைத்து, அப்படி ஒன்று இல்லையே என்று நின்றுவிடும்.

ரெயில்ஸில் (ரூபியில் இணையதளம் கட்டும் சட்டகம்)?

ரெயில்ஸ்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2016-இல் வந்த ரெயில்ஸ் 5 முதல் வரி எண்ணே போதும்:

பின்/ரெயில்ஸ் டெஸ்ட் டெஸ்ட்/மாடல்ஸ்/பில்_டெஸ்ட்.ஆர்பி:27

27-ஆவது வரி எந்த டெஸ்டுக்குள் விழுகிறதோ அது ஓடும். டெஸ்ட் தோற்றால் அதை மறுபடி ஓட்டுவதற்கான கமாண்டையும் திரையில் எழுதிக் காட்டும், அப்படியே காப்பி செய்துகொள்ளலாம். ஆனால் கோப்பின் மேல் பக்கத்தில் நாலு வரி சேர்த்தீர்கள் என்றால் 27 வேறு இடத்துக்குப் போய்விடும், அதை மறக்காதீர்கள்.

ரெயில்ஸில் டெஸ்ட் பெயரை மேற்கோளுக்குள் வாக்கியமாக எழுதுவது வழக்கம். உள்ளே அது இடைவெளிகளுக்குப் பதில் அடிக்கோடு போட்டு, முன்னால் 'டெஸ்ட்_' ஒட்டிய மெத்தடாக மாறுகிறது. -என் கொடுப்பதானால் அந்த மாறிய பெயரைக் கொடுங்கள்.

ஆர்ஸ்பெக் (இன்னொரு டெஸ்ட் நூலகம்)?

அங்கேயும் கோப்பு, முக்காற்புள்ளி, வரி எண். விவரத்தின் ஒரு பகுதியைக் கொண்டு தேட -ஈ. தோற்றவற்றை மட்டும் ஓட்ட --ஒன்லி-ஃபெய்லியர்ஸ், ஆனால் முந்தைய முடிவுகளைச் சேமிக்க ஒரு கோப்பின் பாதையை அமைப்பில் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். 'இட்' என்பதை 'ஃபிட்' என்று மாற்றி ஃபோகஸ் செய்யும் வழியும் உண்டு. அதை அப்படியே கமிட் செய்து (மாற்றத்தைப் பதிவு செய்து) அனுப்பிவிட்டால், அனுப்பிய நிரலுக்குத் தானாக டெஸ்ட் ஓட்டும் சிஐ சர்வரிலும் அந்த ஒன்று மட்டும் ஓடி, மொத்தமும் பாஸ் என்று காட்டும். எனவே நான் பரிந்துரைப்பது வரி எண்ணைத்தான்.

மினிடெஸ்டிலேயே டிஸ்க்ரைப், இட் என்று எழுதுகிறோம். பெயரே இல்லையே?

இருக்கிறது, நீங்கள் வைக்கவில்லை, அது வைத்துக்கொள்கிறது: டெஸ்ட்_0001_ என்று தொடங்கி நீங்கள் எழுதிய விவரம். நடுவில் ஒரு புது 'இட்' நுழைத்தால் எண்கள் நகர்ந்துவிடும். அதனால் எண்ணை நம்பாமல் விவரத்தின் ஒரு துண்டைச் சாய்கோடுகளுக்குள் கொடுங்கள்.

டெஸ்ட் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா?

தாராளமாக. ரூபி 2.0 முதல் கோப்புகள் இயல்பாகவே யூடிஎஃப்-8, மெத்தட் பெயரில் தமிழ் எழுத்து வந்தால் ரூபிக்கு ஆட்சேபம் இல்லை. முன்னால் வரும் 'டெஸ்ட்_' மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், மினிடெஸ்ட் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

நம் கடை நிரலில் ரூபாய் நோட்டு படம் அச்சிடும் பகுதி ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மொரீஷியஸ் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்பது வரிசை. 1998-இல் புதிய நோட்டுகளில் இந்தியை முன்னால் கொண்டுவந்து தமிழைப் பின்னுக்குத் தள்ளியபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. ஆக, இந்த ஊரில் அந்த வரிசைக்கு ஒரு டெஸ்ட் வைப்பது வீண்வேலை இல்லை. பெயர்: டெஸ்ட்_மொழி_வரிசை.

-என் போட்டு ஓட்டுகிறீர்கள், பூஜ்ஜியம் ரன். பெயரை எத்தனை முறை பார்த்தாலும் சரியாகவே இருக்கிறது. சிக்கல் 'மொ' என்ற எழுத்தில். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ரூபிக்கு இரண்டும் வேறு வேறு. கோப்பை எழுதியவரின் தட்டச்சு முறை ஒரு வகை, டெர்மினலில் அடிப்பவரின் முறை இன்னொரு வகை என்றால் பொருந்தாது. 'கௌ' இன்னும் மோசம், சிலர் கொம்புக்குப் பிறகு ளகரத்தையே அடித்துவிடுகிறார்கள். தீர்வு எளிது: சிக்கலான எழுத்து இல்லாத துண்டைக் கொடுங்கள். இங்கே '/வரிசை/' போதும்.

டாக்கருக்குள் (நிரலைத் தனிச் சூழலில் ஓட்டும் கருவி) ஓட்டும்போது தமிழ்ப் பெயர் பொருந்தவில்லை என்றால் லோக்கேலை, அதாவது மொழி அமைப்பைப் பாருங்கள். லாங் என்ற மாறி யூடிஎஃப்-8 என்று சொல்லவில்லையென்றால் ரூபி அந்த எழுத்துகளை வேறு என்கோடிங்காக எடுத்துக்கொள்ளும்.

சக ஊழியர் சாட்டில் அனுப்பிய கமாண்டை ஒட்டினால் வேலை செய்யவில்லை.

சாட் செயலிகள் நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும், இரட்டைச் சிறு கோட்டை ஒரு நீளக் கோடாகவும் 'அழகுபடுத்தி'விடும். ஷெல்லுக்கு அந்த அழகு புரியாது. கோடு, மேற்கோள் இரண்டையும் அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

பிரெஞ்சு அசெர்ட்டி விசைப்பலகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதில் சிறு கோடு 6-ஆம் எண் விசையில், அடிக்கோடு 8-இல், இரண்டுக்கும் ஷிஃப்ட் வேண்டாம். # என்பது ஆல்ட்ஜிஆர் பிடித்துக்கொண்டு 3.

தனியாக ஓட்டினால் பாஸ், எல்லாவற்றோடும் ஓட்டினால் ஃபெயில்.

முன்னால் ஓடிய வேறொரு டெஸ்ட் எதையோ மாற்றிவிட்டுத் திருப்பி வைக்காமல் போயிருக்கிறது: ஒரு குளோபல் மாறி, ஒரு என்விரான்மெண்ட் மாறி, ஒரு தற்காலிகக் கோப்பு. மினிடெஸ்ட் ஒவ்வொரு முறையும் வரிசையைக் குலுக்கிப் போடுகிறது. டெஸ்ட்-யூனிட் இயல்பாக அகரவரிசையில் போகிறது. தோற்ற ஓட்டத்தின் சீட் எண்ணை எடுத்து --சீட் என்று கொடுத்தால் அதே வரிசை திரும்ப வரும். பிறகு மினிடெஸ்ட்-பைசெக்ட் என்ற ஜெம், எந்த டெஸ்டுகள் சேர்ந்தால் சிக்கல் வருகிறது என்று பாதி பாதியாகக் குறைத்துக் கண்டுபிடித்துத் தரும்.

தலைகீழாகவும் நடக்கும்: எல்லாவற்றோடும் பாஸ், தனியாக ஃபெயில். அப்படியென்றால் பெரும்பாலும் ஒரு ரிக்வயர் விட்டுப்போயிருக்கிறது. வேறு ஏதோ கோப்பு அதை ஏற்றிக்கொண்டிருந்ததால் இவ்வளவு நாள் தெரியவில்லை.

என் மெஷினில் பாஸ், சிஐ சர்வரில் ஃபெயில்.

தேதி சம்பந்தப்பட்ட டெஸ்டா என்று முதலில் கேளுங்கள். மொரீஷியஸ் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 4 மணி நேரம் முந்தியது, சிஐ சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில் இருக்கும். இங்கே நள்ளிரவு தாண்டி விடிகாலை 4 மணி வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். இரவில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் தோற்கும் டெஸ்டுகள் இப்படித்தான் பிறக்கின்றன. காலையில் வந்து பார்த்தால் தானாகச் சரியாகியிருக்கும், யாரும் மேற்கொண்டு தோண்ட மாட்டார்கள்.

அந்த ஒற்றை டெஸ்டை சர்வரின் கண்ணால் பார்க்க, கமாண்டுக்கு முன்னால் டிஇசட்=யூடிசி (எல்லாம் பெரிய எழுத்து) சேர்த்து ஓட்டுங்கள். மாறி அந்த ஓர் ஓட்டத்துக்கு மட்டும்தான் செல்லும்.

'+4' என்று நிரலில் நேரடியாகக் கூட்டுவதும் ஆபத்து. 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை இங்கே கோடைக்கால நேரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது. பழைய பில்களைக் கையாளும் நிரல் என்றால் இந்தியன்/மொரீஷியஸ் என்ற நேர மண்டலப் பெயரையே பயன்படுத்துங்கள்.

கோப்பில் டெஸ்ட் இருக்கிறது, -என்னும் பொருந்துகிறது, ஆனால் நான் எழுதிய வரிகள் ஓடவில்லை.

அதே பெயரில் கீழே இன்னொரு மெத்தட் இருக்கிறதா பாருங்கள். காப்பி செய்து ஒட்டிவிட்டுப் பெயர் மாற்ற மறப்பது வழக்கமான விஷயம். ரூபியில் பின்னால் வந்தது முன்னால் இருந்ததைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். ரூபிக்கு -டபிள்யூ கொடுத்து ஓட்டினால் மெத்தட் மறுபடி வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று எச்சரிக்கும்.

போன மாதம் பாஸ் ஆன டெஸ்ட் இன்று தோற்கிறது. எந்த கமிட்டில் உடைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) தரும் பைசெக்டைத் தொடங்கி, நல்ல கமிட்டையும் கெட்ட கமிட்டையும் குறித்துவிட்டு, 'கிட் பைசெக்ட் ரன்' என்பதற்குப் பின்னால் உங்கள் ஒற்றை டெஸ்ட் கமாண்டை அப்படியே போடுங்கள். டெஸ்ட் பாஸ் ஆனால் வெளியேறும் எண் 0, தோற்றால் 1. கிட் அதை வைத்தே பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டு போகும். 125 என்று வெளியேறினால் அந்த கமிட்டைத் தாண்டிவிடும்.

ஆனால் பழைய கமிட்டுகளில் அந்த டெஸ்டே எழுதப்படாமல் இருந்திருக்கலாம். கோப்பு இல்லாவிட்டால் பிழை, எனவே 'கெட்டது'. கோப்பு இருந்து பெயர் மட்டும் இல்லாவிட்டால் பூஜ்ஜியம் ரன், எனவே 'நல்லது'. இரண்டுமே பொய். டெஸ்ட் கோப்பை ரெப்போவுக்கு வெளியே, /டிஎம்பி போன்ற ஒரு ஃபோல்டருக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே ஓட்டுங்கள். ரிக்வயர்_ரிலேட்டிவ் இருந்தால் அதை வெறும் ரிக்வயர் ஆக்கி, -ஐலிப் கொடுக்க மறக்க வேண்டாம்.